கட்டு அவிழும்போது எதிரே யார்?

கண் வார்டில் டிரஸர் வேலை என்றால் மருந்து விடுவதும் கட்டுப் போடுவதும் கொஞ்சம்தான். "அசையாதீங்க" என்று நாள் முழுக்கக் கெஞ்சுவதே அதிகம். நோயாளியிடம் கெஞ்சிப் பிழைத்தவர்களுக்கு என் பாடு புரியும்.

இன்னும் பழுக்கல

அந்த நாளில் மலாயாவில், எங்கள் ஜொகூர் ஆஸ்பத்திரியில், கண்புரை நன்றாக முற்றிக் கண் வெளுத்த பிறகுதான் கத்தி வைப்பார்கள். ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய அங்கம்மா அரைகுறைப் புரையோடு வந்துவிட்டார். வெள்ளைக்கார டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "இன்னும் பழுக்கலம்மா, முத்தினதும் வாங்க."

அவருடைய ஒரே மகன் மாரிமுத்து சிங்கப்பூர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. அங்கம்மா என் குரல் வந்த பக்கம் திரும்பினார்.

"பழுக்கட்டும் ஐயா. ஆனா எம்புள்ள மூஞ்சி மறந்துகிட்டே வருதே, அது வரைக்கும் தாங்குமா?"

என் முகத்துக்கு வந்த மரியாதை

கட்டைப் பிரித்ததும் எதிரே நிற்பது பெரும்பாலும் நான்தான். நல்ல முகத்தில் விழிக்க வேண்டும் என்பதில் நம்மவர்கள் எவ்வளவு கறார் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். பத்து பாகாட் ஊரில் துணிக்கடை வைத்திருந்த பெரியவர் ஒருவர், கடையிலிருந்து லட்சுமி படத்தையே வரவழைத்து எதிர்ச் சுவரில் மாட்டச் சொன்னார். அத்தனை நாளும் அவருக்குக் கஞ்சி ஊட்டியவன் நான். கட்டை அவிழ்க்கக் கை வைத்ததும் மெதுவாகச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க தம்பி, கொஞ்சம் பின்னால நின்னு அவுருங்களேன்."

அழக்கூடாத வார்டு

மறு வருஷம் அங்கம்மா வந்தார். சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மரக்க வைத்து, ஓரத்தில் கீறி, பழுத்த புரையை டாக்டர் எடுத்துவிட்டார். கஷ்டம் அதற்குப் பிறகுதான். இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் பை வைத்து, மல்லாக்கக் கிடக்க வேண்டும். இருமினாலும் விம்மி அழுதாலும் காயம் பிரிந்து கண்ணே போய்விடலாம்.

கட்டு அவிழ்க்கும் நாளில் வருவதாக மாரிமுத்து சொல்லி அனுப்பியிருந்தான். அதைச் சொன்னதும் அங்கம்மாவின் உதடு துடித்தது. எனக்குப் பதறிவிட்டது, அதட்டினேன்.

"அழல ஐயா. அவன் வர்ற வரைக்கும் அதையும் சேத்துத்தான் வச்சிருக்கேன்."

அந்தக் காலை

மாரிமுத்து வந்தான். நானே அவனைக் கட்டிலுக்கு நேரே நிறுத்தினேன். ஆனால் நாங்கள் எவ்வளவோ சொல்லியும் அங்கம்மா மனதில் ஏற்றிக்கொள்ளாத விஷயம் ஒன்று இருந்தது. புரை எடுத்த கண்ணுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் நிழலாகத் தெரியும். முகம் தெளியத் தடித்த கண்ணாடி வேண்டும். அது கண் நன்றாக ஆறிச் சில வாரம் கழித்துத்தான் கிடைக்கும். மாரிமுத்துவோ மாலை ரயிலுக்குத் திரும்பாவிட்டால் வேலை போய்விடும்.

அங்கம்மா வெளிச்சத்தைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கையை நீட்டி மகனின் கன்னத்தைத் தடவினார்.

"நீ நிக்கிறது தெரியுதுடா, மூஞ்சிதான் தெரியல. கண்ணாடி வர்ற வரைக்கும் இருப்பியா?"

கண்ணாடி வந்ததும் அங்கம்மாவுக்கு ஜன்னலுக்கு வெளியே வேலியில் உட்கார்ந்த குருவிகூடத் தெரிந்தது. பார்க்க ஆசைப்பட்டவன் மட்டும் கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.