டிரெயினிங் ஸ்கூல் வண்டிக்காரர்

"இந்த ஊர்ல படிப்பு வருமுங்க, வாத்தியாரே. தண்ணிதான் வராது."

பொம்மிடி ஸ்டேஷனில் இறங்கும் ஒவ்வொரு புது மாணவரிடமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் சென்றாயன் பெட்டியைத் தம் ஜட்காவில் ஏற்றுவார். ஆசிரியப் பயிற்சிக்கு வருகிறவர்களை, சேர்வதற்கு முன்பே வாத்தியார் ஆக்கிவிடுவது அவர் வழக்கம். "பெயிலாப் போனா வேற பேரு வெச்சிக்கலாம்" என்பார்.

வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். காக்கிச் சட்டைக்கு ஒரே ஒரு பித்தான். வண்டியில் பரப்பிய வைக்கோலுக்கு அடியில் எப்போதும் ஒரு தாம்புக்கயிறு சுருண்டு கிடக்கும். அறையை வாடகைக்கு விட்ட கையோடு கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து உள்ளே வைத்துக்கொள்வது இவ்வூர் வீட்டுக்காரர்களின் பழக்கம். புதிதாக வந்தவர் சொந்தக் கயிறு வாங்கும்வரை சென்றாயனின் கயிற்றில்தான் தண்ணீர் சேந்துவார்.

பள்ளிக்கு விடுதி கிடையாது. ஊர் பார்த்துக்கொள்ளும் என்று பள்ளி இருந்துவிட்டது. பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று ஊர் இருந்துவிட்டது. சென்றாயன் பார்த்துக்கொண்டார். வீடு வீடாக வண்டியை நிறுத்தி அறை கேட்பார். மாணவர்கள் கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்வார்.

"சாப்பாட்டுக் கிளப்புக் கடையில சாம்பார் எப்படிங்க இருக்கும்?"

"சூடா இருக்குமுங்க."

சென்ற ஜூனில் பள்ளி முதல் முறையாகப் பெண்களையும் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. அதை நம்பி ஒரே ஒருவர் வந்தார். அரூர்ப் பக்கத்து முனியம்மாள். மொரப்பூரில் ரயில் ஏறித் தனியாக வந்திருந்தார். கணவர் பட்டாளத்தில், பர்மாப் பக்கம். மாலைக்குள் தங்குமிடத்தின் விலாசத்தோடு வந்தால் இடம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

"ஏறுங்க, டீச்சரம்மா" என்றார் சென்றாயன்.

ஒவ்வொரு வாசலிலும் முதலில் ஊரைக் கேட்டார்கள். பிறகு ஜாதியை. அதற்குள் பாதிச் சம்மதம் முகத்தில் வந்துவிடும். பிறகு, "ஆம்பளை எங்கே?" என்பார்கள். பட்டாளம் என்றதும், காலியாக இருந்த அறைக்குள் கடலைக்காய் மூட்டை வரப்போவது எல்லாருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. ராமக்காள் என்கிற வீட்டுக்காரி மட்டும் மனம்விட்டுப் பேசினார்: "பொம்பளை தனியா இருந்து படிச்சா, எங்க வூட்டு மருமவளும் கேப்பாளே?"

கடைசியாக நஞ்சப்பன் வீடு. பெரிய கை. தெருவோரம் வரிசையாக அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார்.

"ரூம் இல்லே" என்றார் நஞ்சப்பன்.

"கடைசி ரூம்ல பூட்டு தொங்குதுங்களே?"

"பூட்டு தொங்குனா ஆளு இருக்குதுன்னு அர்த்தம்."

சென்றாயன் வண்டியில் ஏறிக்கொண்டார். வண்டியைப் பின்னுக்குத் தள்ளி வாசலை அடைத்தாற்போல் நிறுத்தினார். இறங்கிக் குதிரையை அவிழ்க்கத் தொடங்கினார்.

"என்ன பண்றே?"

"குதிரை களைச்சிருச்சுங்க."

"என் வூட்டுச் சவாரியெல்லாம் உனக்குத்தான் குடுக்கறேன். நெனப்பு இருக்கட்டும்."

சென்றாயன் நினைத்துப் பார்த்தார். குதிரைக்குக் கொள்ளு வாங்குவது அந்தச் சவாரிக் காசில்தான். நினைத்துப் பார்த்தபோதும் கை வாரை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

சந்தைக்குப் போய்த் திரும்பியவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். முனியம்மாளுக்கு உடம்பெல்லாம் கூசியது. இறங்கிவந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்காக உங்க பொழைப்பக் கெடுத்துக்காதீங்க. சாயங்கால ரயில் இருக்குதில்லீங்க? ஊருக்கே போயிடறேன். ஸ்டேஷன்ல விட்டுருங்க."

"ரயில் இருக்குதுங்க, டீச்சரம்மா. வண்டிதான் இல்லே" என்றார் சென்றாயன். குதிரையை எதிர்ப்புறப் புளியமரத்தில் கட்டிவிட்டு வந்து, வண்டிக்கருகில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

நேரம் போயிற்று. கூட்டம் போகவில்லை. உள்ளிருந்து நஞ்சப்பனின் மனைவி பாஞ்சாலி வந்தார். கையில் சாவி இருந்தது. கணவர் பக்கம் திரும்பாமல், வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி வெளியே வந்து, கடைசி அறையைத் திறந்துவிட்டார்.

"மேக்கு மூலையில ஒழுவும். கெழக்கால படுத்துக்கோ" என்றார் முனியம்மாளிடம். "கெணத்துக் கயிறு அவுக்க மாட்டேன்."

சென்றாயன் டிரங்குப் பெட்டியைத் தூக்கி உள்ளே வைத்தார். பள்ளியில் கொடுக்க வேண்டிய விலாசத்தை முனியம்மாளிடம் வாய்விட்டு இரண்டு தடவை சொல்லிக் காட்டினார். வெளியே வந்து குதிரையைப் பூட்டினார்.

"நாளையிலிருந்து இந்த வாசலுக்கு உன் வண்டி வர வேண்டாம்" என்றார் நஞ்சப்பன்.

"சரிங்க."

வண்டியை நகர்த்திய பிறகுதான் தெரிந்தது. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவரில் வண்டி அச்சுக்குப் போடும் மை கருப்பாக அப்பியிருந்தது. சென்றாயன் தலைப்பாகையை அவிழ்த்தார். குந்தி உட்கார்ந்து, கறை போகும்வரை துடைத்தார்.