நோன்புத் தலைவலி என்று நினைத்தேன்

திண்டுக்கல்லில் சிறிய பிரியாணிக் கடை வைத்திருக்கிறேன். போன நோன்பு மாதத்தில் என் பழைய காரின் சைலன்சர் குழாயில் ஓட்டை விழுந்தது. மெக்கானிக் வெல்டிங் வைக்கச் சொன்னார். பெருநாள் முடியட்டும் என்று எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றி, கம்பியால் கட்டினேன். சத்தம் குறைந்ததும் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த வாரம் அய்யலூர்ச் சந்தையில் ஒரு கிடா வாங்கி, பின்சீட்டைக் கழற்றிய இடத்தில் ஏற்றினேன். மழை தூறியதால் கண்ணாடிகளை மூடிவிட்டேன். வழியில் தலை வலித்தது, கண்ணை இருட்டியது. நோன்புதானே என்று ஓட்டினேன். வீட்டில் கதவைத் திறந்தால் கிடா கழுத்தைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. சீக்கு ஆட்டைத் தள்ளிவிட்டான் என்று வியாபாரியைத் திட்டப் போனை எடுத்தேன்.

மனைவி என்னையும் ஆட்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தலை வலிச்சா நோன்பு. ஆட்டுக்கு என்ன நோன்பா? வண்டிக்குள்ள புகை வாடை இம்புட்டு அடிக்குது."

வெளியே கிடத்தியதும் கிடா மெல்லத் தெளிந்து எழுந்தது. மறுநாள் மெக்கானிக் காட்டினார்: நான் கட்டிய டின் நழுவியிருந்தது; அதற்கு நேர்மேலே காரின் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையாகி, அதன் வழியே புகை உள்ளே ஏறியிருந்தது. இரண்டு ஓட்டைகளுக்கும் வெல்டிங் வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இப்போதெல்லாம் காரில் தலை வலித்தால் கண்ணாடியை இறக்கி, வண்டியை நிறுத்தி, கீழே இறங்கிவிடுகிறேன். காரணத்தை வெளியே நின்றுதான் யோசிக்கிறேன்.