மூக்கில் போன பாசிமணி

எங்கள் வீடு ராயபுரத்தில் இருக்கிறது. அறுந்துபோன சரத்தின் பாசிமணிகளைச் செம்புக் கம்பியில் கோத்து, காதுக்கு வளையம் செய்ய ஆசைப்பட்டேன். அந்தக் கம்பி என்னைப் படுத்திய பாடு சொல்லி மாளாது. வளைத்தால் கோணியது, நிமிர்த்தினால் முறிந்தது. கோத்த மணிகளெல்லாம் அடுப்படிவரை உருண்டோடின. கடைசியில் எரிச்சல் தாங்காமல், நுனியைச் சுருட்டாமலே ஒரு வளையத்தைக் காதில் மாட்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து என் ஒன்றரை வயது மகள் அழுதாள். இடுப்பில் தூக்கியதுமே வளையத்தைப் பிடித்து இழுத்தாள். மணிகள் சிதறின. அவளை இறக்கிவிட்டு, கம்பியைத் திட்டிக்கொண்டே பொறுக்கினேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் மூக்குத் துவாரத்தில் சிவப்பாக ஒரு மணி!

பதறிப்போய் விரலால் நோண்டினேன். அது இன்னும் உள்ளே போயிற்று. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு மீன்காரி கன்னியம்மா ஓடி வந்தாள்.

"ஐயே, வெரல வுடாதமே! உள்ள பூடும். மணி இல்லாத அந்தாண்ட மூக்கு ஓட்டைய அமுக்கிக்கினு, கொயந்த வாயில உன் வாய வெச்சி ஊது."

ஊதினேன். ஒன்றும் நடக்கவில்லை. பலமாக மறுபடி ஊதியதும் மணி என் கன்னத்தில் தெறித்து விழுந்தது.

"கம்பி மேல கோவம்னா அத்த தூக்கிக் கடாசு. கொயந்தய இன்னாத்துக்குமே கவனிக்காம வுட்டே?" என்றாள் கன்னியம்மா.

இப்போது மகள் தூங்கும்போது மட்டுமே மணிகளை எடுக்கிறேன். நுனியைக் குறட்டால் சுருட்டி, இழுத்துப் பார்த்த பிறகே வளையம் காதில் ஏறுகிறது. எரிச்சல் தலைதூக்கினால், எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டு எழுந்துவிடுகிறேன்.