பட்டணம் போன பேய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், தென்காசி நாடகக் கொட்டகையில் பேய் வேடம் போடுகிறவரைச் சந்தித்தேன். ஒட்டிய கன்னம், பெரிய பல். திரை இடுக்கு வழியே பெண்கள் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். முதல் பாகத்தில் அவர் புளியமரத்துப் பேய்; பெண்கள் பயந்து கொண்டையில் வேப்பிலை செருகி வந்தார்கள். அடுத்துப் போட்ட இரண்டாம் பாகத்தில் பேய் சென்னைக்குப் போய் டிராமில் ஏறுகிறது. வேப்பிலையைக் காணோம், ஒரே சிரிப்பு.

"இன்னைக்கும் சிரிச்சாகன்னா வேற ஆளைப் போடுதேன்னு முதலாளி சொல்லிட்டாரு, அண்ணாச்சி" என்றார் என்னிடம்.

முன்வரிசை அம்மாளிடம் விசாரித்தேன். "பேயி மெட்ராஸுக்குப் போயிட்டுல்லா. இங்கன இனி என்ன பயம்?"

அதை அவரிடம் சொன்னேன். அன்று மேடையில் டிராம் கண்டக்டர், "எங்கய்யா போகணும்?" என்றார்.

"தென்காசிக்கு."

பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றது. அவ்வளவு மகிழ்ச்சியான பேயை நான் பிறகு கண்டதில்லை.