எடுக்கக் கூடாத அழைப்புகள்

மேசையில் துண்டை விரித்து, பழைய கைபேசி ஒன்றை அதன்மேல் குப்புறப் போட்டு, சார்ஜ் ஏறும் துளையைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள் என் நாத்தனார். திரையின் குறுக்கே விரிசல். பின்மூடி நிற்காததால் ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள். யாரோ குப்பையில் போட எடுத்து வைத்ததைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

"இது பேசுமா?" என்றேன்.

"பேச வேண்டாம் அண்ணி. மணி அடிச்சா போதும்."

நாத்தனாரைப் பற்றி நல்லதாக எழுதுவது எனக்குப் பழக்கமில்லாத வேலை. முடிந்தவரை எழுதுகிறேன்.

பத்தொன்பது வயதில் ஒரு பெரிய மருத்துவமனையின் டெலிபோன் அறையில் சேர்ந்தாள். தரைத்தளத்துக்கும் கீழே, ஜன்னல் இல்லாத அறை. அங்கேயே முப்பத்தொரு வருடம். எந்த அழைப்பையும் இரண்டாவது மணிக்குள் எடுத்துவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். மூன்றாவது மணி அடித்தால் மேற்பார்வையாளர் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். டாக்டர்களை அவளுக்குக் குரலை வைத்துத்தான் தெரியும். கடையில் பக்கத்தில் நின்றாலும் அடையாளம் தெரியாது; அவர் வாய் திறந்து தக்காளி கேட்டதும் திரும்பி, "வணக்கம் டாக்டர்" என்பாள். பாவம், அவர் திடுக்கிட்டுப் போவார். பெண் பார்க்க வந்த இரண்டு பேரையும் குரல் சரியில்லை என்று தள்ளிவிட்டாள். முகம் எப்படி என்று கேட்டோம். கவனிக்கவில்லையாம்.

ஓய்வு பெற்ற பிறகு பிறத்தியார் போனையெல்லாம் எடுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் பஸ்ஸில், தூங்கிக்கொண்டிருந்த பக்கத்து சீட்டுக்காரியின் போனை எடுத்து, அவள் மாமியாருக்குப் பதில் சொல்லி, சமாதானமும் பேசிவிட்டாள். இதற்குமேல் விட்டால் வம்பு என்று நான்தான் அவளை எங்கள் சங்கத்துக்கு இழுத்துப் போனேன்.

வீடுகளுக்குப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் சங்கம் அது. சலவைக்கடைக்கு மேல் ஒரே ஓர் அறை. அந்த வேலைக்குப் பயிற்சி எடுத்து முப்பது வருடம் செய்தவள் நான். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு, தங்கள் இடுப்பு போகாமல் நோயாளியைப் புரட்டச் சொல்லிக்கொடுக்கிறேன்.

அந்தச் சமயத்தில்தான் காலை ஐந்து மணி பஸ்ஸை ஒன்றாம் தேதியோடு நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது. எங்கள் பெண்கள் ஆறு மணிக்குள் நோயாளியின் வீட்டில் இருக்க வேண்டும். அடுத்த பஸ் ஆறேகாலுக்கு. இரண்டு நாள் தாமதமாகப் போனால் மூன்றாம் நாள் வேறு ஆள் வைத்துவிடுவார்கள். ஐம்பது பேருக்குமேல் பிழைப்பு அந்த பஸ்ஸில் இருந்தது.

கால அட்டவணை அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். "அந்த பஸ்ல பதினோரு டிக்கெட்தான் விக்குதும்மா" என்றார். எங்கள் பெண்கள் எல்லாரும் மாதாந்திர பாஸ் வைத்திருப்பவர்கள், டிக்கெட் வாங்குவதில்லை. அதைச் சொன்னோம். கையெழுத்து வாங்கித் தருகிறோம் என்றோம்.

"கையெழுத்து யார் வேணா போடலாம். தினம் யார் ஏறுறாங்கன்னு காட்டுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்க்கிறேன்."

இதற்கெனச் செயலி செய்து தருகிறேன் என்று ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். எல்லாரும் தரவிறக்க வேண்டும் என்றார். எங்களில் பாதிப் பேரிடம் இருப்பது பட்டன் போன். மீதிப் பேரின் போனில், சொந்தக்காரர்கள் அனுப்பிய காலை வணக்கப் பூக்கள் போக ஓர் எறும்புக்குக்கூட இடமில்லை. தண்ணீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

நாத்தனார் சொன்ன வழி எளிது. பஸ்ஸில் ஏறியதும் ஒவ்வொருவரும் இந்த விரிசல் போனுக்கு ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிட வேண்டும். எண்ணும் நேரமும் தானாகப் பதிவாகும். எண் யாருடையது என்பது சங்கப் பதிவேட்டில் இருக்கிறது. எந்த போனிலும் முடியும், செலவும் இல்லை. அதோடு அவள் அறிவித்தாள்: "எல்லாரும் ஒண்ணா அடிச்சா லைன் கிடைக்காது. முன் சீட்டுல ஆரம்பிச்சு பின் சீட்டு வரைக்கும், ஒருத்தர் வச்ச பிறகு அடுத்தவங்க."

திங்கட்கிழமை காலை அவள் வீட்டுக்கே போய் உட்கார்ந்தேன். ஐந்து மணி நான்கு நிமிடம். போன் அடித்தது. கண்மூடித் திறப்பதற்குள் எடுத்துவிட்டாள்.

"வணக்கம், சங்க அலுவலகம். யாருக்கு இணைக்கணும்?"

"அக்கா, நீங்க எடுக்கக் கூடாது" என்றது மறுமுனை.

"ஆமாம்மா, மன்னிச்சுக்கோ. அம்மாவுக்கு இருமல் எப்படி இருக்கு?"

அவள் இருமலை விசாரித்து முடிப்பதற்குள் ஏழு பேருக்கு லைன் கிடைக்கவில்லை. அடுத்து வந்த மணிகளையும் இப்படியே எடுத்து விசாரித்தாள்; மற்றவர்கள் அடிப்பதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. அன்று பதிவானது ஒன்பது. டிக்கெட் கணக்கைவிட இரண்டு குறைவு.

"நீயே பஸ்ஸை நிறுத்திடுவ போலிருக்கே" என்றேன்.

"கை தானா போகுது அண்ணி. நான் என்ன பண்ண?"

உண்மைதான். மூக்குக் குழாயைப் பிடுங்கும் நோயாளிகளை எனக்குத் தெரியும். அவர்களைத் திட்டிப் பயனில்லை, கைக்கு வேலை கொடுக்க வேண்டும். மடிக்கத் துண்டுகள் கொடுத்துப் பார்த்தேன். துண்டைப் போட்டுவிட்டு போனை எடுத்தாள். செவ்வாய்க்கிழமை ஒரு பெரிய பாத்திரத்தில் மாவைக் கொட்டித் தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, "பிசை" என்றேன். முழங்கை வரை பிசுபிசுப்பு. போன் அடித்தது. அவள் தோள் துள்ளியது, கால் துள்ளியது, கை மாவுக்குள் கிடந்தது. அன்று நாற்பத்தாறு. புதன்கிழமை ஐம்பத்திரண்டு. வியாழன் ஐம்பத்து நான்கு.

மூன்று நாளும் மூன்று வேளையும் ரொட்டி. என் கணவர், அவளுடைய அண்ணன், தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பஸ் ஓடுறதுக்கும் என் பல்லு ஆடுறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"பொது வேலைண்ணா. மென்னு சாப்பிடுங்க."

வெள்ளிக்கிழமை பட்டியலை எழுதி எடுத்துப் போனோம். பெயர், எண், நிமிடம். அதிகாரி பொறுமையாகத்தான் படித்தார். பிறகு சொன்னார்: "வீட்ல படுத்துக்கிட்டேகூட மணி அடிக்கலாமே."

எனக்குச் சுருக்கென்றது, அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நாத்தனார் பையிலிருந்து விரிசல் போனை எடுத்து அவர் மேசையில் வைத்தாள்.

"நாளைக்கு இது உங்ககிட்ட இருக்கட்டும் சார். முதல் ஸ்டாப்ல நீங்களே ஏறுங்க. மணி அடிக்கும்போது தலையைத் தூக்கிப் பாருங்க."

"காலையில அஞ்சு மணிக்கா?"

"அவங்க தினம் வராங்க சார்."

மறுநாள் காலை அவர் வந்தார். தலை வாராமல், மூக்குக்கண்ணாடியை மட்டும் மறக்காமல். நாத்தனாரும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். முன் சீட்டுப் பெண் மணி அடித்தாள். அவர் திரும்பிப் பார்த்துப் பட்டியலில் கோடு போட்டார். இரண்டாவது ஸ்டாப், மூன்றாவது ஸ்டாப். நான்காவதில் ஏறிய பெண்ணுக்கு இடமில்லை. அவளுக்கு வயது அறுபதைத் தாண்டும். அதிகாரி எழுந்து இடம் கொடுத்தார். அதற்குப் பிறகு கடைசி வரை நின்றுகொண்டேதான் கோடு போட்டார்.

இறங்கியதும் பஸ்ஸின் பக்கவாட்டில் காகிதத்தை வைத்து, ஐந்து மணி வண்டி தொடர வேண்டும் என்று எழுதிக் கையெழுத்திட்டார். நாத்தனார் வாங்கி, வாய்விட்டு ஒருமுறை படித்துப் பார்த்தாள்.

"தேதி போடலை சார்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவர் தேதியைப் போட்டார்.