புதன்கிழமை அறையும் தலைவரின் அதிகாரமும்

நேற்று இங்கே இணையத்தில் ஜனாதிபதியின் அதிகாரம் பற்றி நடந்த சண்டையை முழுக்க இருந்து வாசித்தேன்.

தன் கட்சி ஆள் செய்தால் துணிச்சல், மற்றக் கட்சி ஆள் செய்தால் சர்வாதிகாரம். (பெயர்களை மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே பதிவுதான்.)

கோபம்கூட வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இதை நான் என் வீட்டிலேயே பார்த்தவள்.

எண்பத்தாறாம் ஆண்டு, டென்மார்க், பிராண்டே. அகதிகளாக வந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் தொடங்கினோம். நகரசபை ஓர் அறை தந்தது.

புதன்கிழமை பின்னேரம் அந்த அறை பெண்களுக்கு. இங்கர் என்ற டெனிஷ்காரி வந்து மொழி சொல்லித் தருவார். பாஷை வந்தால் முதியோர் இல்லத்தில் வேலை தருவதாக எனக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த வகுப்பைத்தான் நம்பி இருந்தேன்.

அப்போது சங்கத் தலைவர் சின்னராசா அண்ணை. 'அவசரமென்றால் தலைவர் தனியே முடிவெடுக்கலாம்' என்று சங்கத்தின் விதிகளில், யாப்பில், ஒரு வரி சேர்த்தார். பிறகு புதன்கிழமைகளில் அறை எங்களுக்கு இல்லை. (அவசரம் என்னவென்றால், ஆண்களின் காட்ஸ் போட்டி, சீட்டாட்டம்.)

என் கணவர் பொதுக்கூட்டத்தில் எழும்பிக் கத்தினார்.

"ஊரிலை ஜனாதிபதி நினைச்சதெல்லாம் சட்டம் எண்டபடியால்தானே ஓடி வந்தனாங்கள்? இஞ்சையும் அதோ?"

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தேர்தல் வைத்தார்கள், இவர் தலைவரானார்.

சில புதன்கிழமைகள் படித்தோம். பிறகு கொப்பன்ஹேகனில் இருந்து யாரோ பெரியவர்கள் வருகிறார்கள் என்று அறையை இவர் எடுத்துக்கொண்டார். அடுத்த கிழமை வேறு யாரோ வந்தார்கள்.

"இஞ்சாருங்கோ, அந்த வரியை எடுக்கிறன் எண்டுதானே வோட்டுக் கேட்டனீங்கள்?"

"எடுக்கலாம். ஆனா இப்ப இருக்கிறது நானெல்லோ. நான் பிழையாப் பாவிப்பனோ?"

"அப்ப எங்கட வகுப்பு?"

"உமக்குச் சங்கத்தின்ரை நிலைமை விளங்காது."

அடுத்த கூட்டத்தில் சின்னராசா அண்ணை எழும்பினார். "ஒரு மனுசனிட்டை இவ்வளவு அதிகாரமோ? இது சனநாயகமோ?" அந்த வரியை எழுதியவரே அவர்தான். முன்பு இவருக்குக் கைதட்டிய ஆட்கள், "தலைவருக்குப் பலம் வேணும்" என்றார்கள்.

வகுப்பு ஏன் இல்லை என்று இங்கர் என்னிடம் கேட்டார். விளக்குமளவுக்கு என்னிடம் டெனிஷ் இல்லை. (தமிழிலும் வார்த்தை இல்லை.) வேலை கைநழுவிப் போகப் போகிறது என்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

அடுத்த தேர்தலுக்கு ஒரு கிழமைதான், ஏழே நாள்தான், இருந்தது. தலைகளை எண்ணிப் பார்த்த இவருக்குத் தோல்வி நிச்சயமென்று தெரிந்துவிட்டது.

உடனே கூட்டத்தைக் கூட்டி அந்த வரியை நீக்கினார். புதன்கிழமை அறை பெண்களுக்கே என்று யாப்பில் எழுதியும் வைத்தார். சின்னராசா அண்ணையால் எதிர்க்கவும் முடியவில்லை, அதுவரை கத்தியது அவர்தானே.

வீட்டுக்கு வந்து இவர் சொன்னார், "அந்தாளின்ரை கையிலை இதை விட்டிட்டுப் போகேலுமோ?"

இவர் தோற்றார். நான் படித்தேன். வேலையும் கிடைத்தது, ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

அதிகாரம் குறைய வேண்டும் என்று மனுசன் மனதார நம்பியது அந்த ஒரு கிழமைதான்.

ஆகவே சண்டை பிடிக்கும் நண்பர்களே, ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் ஆள் எப்போது தோற்கப் போகிறார்?

அதற்கு முந்தின கிழமை சொல்லுங்கள், சட்டத்தைத் திருத்திவிடலாம்.