தொடர் நீச்சலுக்கு நாலாவது ஆள்

பலகையைப் பிடித்துக்கொண்டு காலை மட்டும் அடித்தால் மனிதன் முன்னால்தான் போவான் என்று நினைத்திருந்தேன். நான் பின்னால் போனேன். சத்தியமாக. புதுச்சேரி நீச்சல் குளத்தில், முப்பத்தேழு வயதில், மூச்சு வாங்க உதைத்து உதைத்து ஒரு முழம் பின்னால் நகர்ந்திருந்தேன்.

"இன்னா தம்பி, ரிவர்ஸ்ல போற? இன்னாத்துக்கு இந்த அடி அடிக்கிற?"

பக்கத்துத் தடத்திலிருந்து சிரித்தவர் ஒரு பெண். வங்கி ஊழியர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். பெரியவர்களுக்கான நீச்சல் போட்டிகளுக்கு வருடம் தவறாமல் போகிறவர். அன்றிலிருந்து எனக்கு அக்கா.

அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. நான் டிரையத்லான்காரன். கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓட வேண்டும். சைக்கிளிலும் ஓட்டத்திலும் ஊரில் என்னை முந்த ஆளில்லை. தண்ணீரிலிருந்து மட்டும் கடைசி ஆளாக எழுந்து வருவேன். இந்த அக்காவோ காலை ஆட்டுவதே தெரியாமல் என்னைத் தாண்டிப் போகிறார். எப்படி? அந்தக் கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருந்தது.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்த கதை இது. வீடியோ போட்டுப் பார்த்துக் கற்கிற வசதியெல்லாம் கிடையாது. மூழ்கி அக்கா நீந்துவதைப் பார்த்தேன். அவர் பாதம் ஈரத்துணி மாதிரி ஆடியது. என் பாதமோ ஓடி ஓடி இறுகி, மண்வெட்டியாகத் தண்ணீரைக் கொத்தி என்னையே பின்னால் இழுத்துக்கொண்டிருந்தது. தலையை வேறு நிமிர்த்தி வைத்திருந்தேன். தலை ஏறினால் இடுப்பு இறங்கும் என்று அக்கா சொல்லித்தான் தெரியும். குளத்தின் தரையைப் பார்த்து நீந்திய முதல் நாள் கால் தானாக மேலே வந்தது. "அட!" என்று உள்ளேயே கத்தி, ஒரு வாய் தண்ணீர் குடித்தேன்.

அக்கா சும்மா சொல்லித்தரவில்லை. இரண்டு ஆண், இரண்டு பெண் சேர்ந்து, ஒருவர் வந்து தொட்டதும் அடுத்தவர் குதிக்கிற தொடர் நீச்சலுக்கு அக்காவின் குழுவில் மூன்று பேர்தான் இருந்தார்கள். நாலாவது ஆள் காரைக்காலுக்கு மாற்றலாகிப் போயிருந்தார்.

"தனியா நீந்தி எட்டு வருசமா நாலாவதுதான் வரேன். ஒரே ஒரு மெடலு தம்பி, குழுவுல கெடச்சாக்கூடப் போதும். நீ வரியா?"

வருகிறேன் என்றேன்.

குழுவோடு பயிற்சி முடித்ததும் என் போட்டிக்காக இன்னும் அரை மணி நேரம் நீந்துவேன். கடலில் சுவர் ஏது? மிதவையைச் சுற்றிவரப் பழக வேண்டுமென்று, சுவருக்கு ஒரு கை தூரத்திலேயே உடம்பைப் புரட்டித் திரும்பிவிடுவேன்.

போட்டி சென்னையில். ஆளுக்குக் குளத்தின் இரண்டு நீளம், எதிர்ச்சுவர்வரை போய்த் திரும்ப வேண்டும். மூன்றாவதாக நான், கடைசியாக அக்கா. குதித்தேன், தரையைப் பார்த்தேன், கால் மிதந்தது, ஒருவரைத் தாண்டியும்விட்டேன். அக்கா இரண்டாவதாக வந்து தொட்டுவிட்டுக் குளத்திலேயே துள்ளினார். அப்போதுதான் நடுவர் வந்தார். திரும்பும்போது மூன்றாவது ஆள் சுவரைத் தொடவில்லையாம். அணியைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். கையிலோ காலிலோ சுவர் பட்ட ஞாபகமே இல்லை. கடலில் மிதவையைச் சுற்றுகிற பழக்கத்திலேயே திரும்பியிருக்கிறேன்.

திரும்பும் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்தார். புதுச்சேரி எல்லையில் கனகசெட்டிக்குளம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"கோவம் இருக்கு. நாளைக்கும் இருக்கும். ஆனா ஒண்ணு சொல்லு, தொடாம எப்பிடித் திரும்புற?"

கேட்டதுதான் தாமதம், மடையன் நான், உற்சாகமாகிவிட்டேன். சீட்டிலேயே கையை நீட்டி, தோளைச் சாய்த்து, மல்லாந்து, கவிழ்ந்து காட்டினேன். அக்கா கண்ணெடுக்காமல் பார்த்தார். "இரு இரு, எந்தக் கை மொதல்ல?" என்றுகூடக் கேட்டார்.

முழுக்கப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பாடுபட்டுத் திரும்புறதுக்குத் தொட்டிருக்கலாமே தம்பி" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னவர், அப்படியே துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தார். நான் நீட்டிய கையை மடக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தேன்.